ஆனைமலை விருட்சங்களின் உயரம்: அளந்தவையும் அளக்க வேண்டியவையும்

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காட்டில், தூணக்கடவு நீர்த்தேக்கத்துக்கு அண்மையில் நிற்கும் கன்னிமாரா தேக்கு, இன்று உயிரோடிருக்கும் தேக்கு மரங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று என்று கருதப்படுவது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடையது என்று சொல்லப்படும் அம்மரத்தை மலைவாழ் மக்கள் தெய்வமாக வணங்கி வருகின்றனர். மத்திய அரசாங்கமும் 1994-95ஆம் ஆண்டில் அதற்கு மகாவிருட்ச புரஸ்காரம் அளித்துச் சிறப்பித்தது. இத்துணைப் பெருமைக்குரிய விருட்சத்தின் உயரம் எவ்வளவு என்று கேட்டால், அச்சேறிய குறிப்புகளில் ஒன்று 39.98 மீட்டர் என்று சென்டிமீட்டர் வரையில் கணக்குச் சொல்கிறது; வேறொன்று 48 மீட்டருக்கும் மேல் என்கிறது. வேற்றுமை எட்டு மீட்டருக்கு மேல். எந்த ஆண்டில், எக்கருவியால், எவ்விடத்தில் நின்று, யார் அளந்தது என்ற விவரம் இந்த எண்களைத் தொடர்ந்து வருவதில்லை. ஆதலால் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று வாசகன் தீர்மானிக்கவும் வழியில்லை.

ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் சென்று பார்க்கும் ஒரு மரத்தின் நிலையே இதுவானால், அதே மலைத்தொடரின் உள்ளே, யாத்திரிகர் கண்ணிலே படாமல் வளர்ந்து நிற்கும் வெடிப்பலாவுக்கும் நாங்குக்கும் குங்கிலியத்துக்கும் என்ன ஆதாரம் இருக்க முடியும் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. பாலக்காட்டின் தென்கிழக்கில் நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் தொடங்கி, வால்பாறைப் பீடபூமியைச் சுற்றிக்கொண்டு, இடுக்கி மாவட்டத்து மூணாறு, மறையூர், சின்னாறு வரையில் பரந்து கிடக்கும் ஆனைமலைப் பிரதேசத்தில் மரங்களின் உயரத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும், அது எவ்வாறு தெரிந்தது, தெரியாமல் விடுபட்டது எது, அதை நிரப்பத் தக்க மார்க்கம் யாது என்பவற்றை வரிசையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: உயரம் என்னும் எண், அளந்த முறையோடும் அளந்த நாளோடும் சேர்த்து எழுதப்பட்டால்தான் அறிவாகும்; அவ்வாறு எழுதும் ஏடு ஒன்று இம்மலைக்கு வேண்டும்.

மலை ஒன்று, ஏடுகள் மூன்று

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழும் ஆனைமலை, இயற்கை நோக்கில் ஒரே மலை. ஆயினும் அரசியல் அதனை ஒருபோதும் ஒன்றாகப் பார்த்ததில்லை. 1956 நவம்பரில் கேரள ராஜ்யம் அமைவதற்கு முன், பொள்ளாச்சியிலிருந்து ஏறும் சரிவுகள் சென்னை ராஜதானியின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. நெல்லியாம்பதியும் பரம்பிக்குளமும் கொச்சி சமஸ்தானத்தின் காடுகளாக இருந்தன. மூணாற்றையும் மறையூரையும் அடக்கிய உயர்மலைப் பகுதி திருவிதாங்கூருக்கு உரியதாக இருந்தது. மூன்று அரசாங்கங்களுக்கும் மூன்று வன இலாகாக்கள்; அவற்றுக்கு மூன்று விதமான ஏடுகள்.

தாவர சாஸ்திர நூல்களும் இந்தக் கோடுகளையே பின்பற்றின. 1856இல் சென்னை ராஜதானியின் முதல் வனப் பாதுகாவலராக நியமனம் பெற்ற கிளெக்ஹார்ன் ஆனைமலைக்கு வந்து சென்று எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் வந்த பெட்டோம், 1869 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த தம் தென்னிந்திய மரங்களைப் பற்றிய பெருநூலில் இம்மலையின் பல மரங்களைச் சித்திரத்தோடு அறிமுகம் செய்தார். திருவிதாங்கூரின் வனப் பாதுகாவலராயிருந்த போர்டிலன் 1908இல் வெளியிட்ட மரநூல் அந்தச் சமஸ்தானத்தின் எல்லைக்குட்பட்டது. ஃபிஷர் 1921இல் ஆனைமலைத் தாவரங்களைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டபோது, அதன் தலைப்பிலேயே கோயம்புத்தூர் ஜில்லா என்ற வரம்பை வைத்துக்கொண்டார். 1915இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த காம்பிளின் தாவர நூல் தென்னாடு முழுவதையும் தழுவியதுதான். எனினும் அத்தனை இனங்களையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டிய அந்நூலில், ஒவ்வொரு மரத்தின் அளவுக்கும் ஒரு சொல்லோ ஒரு வரியோதான் இடம் கிடைத்தது.

இப்பெரியோர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியின்மையாகும். ஓர் இனத்தை இன்னதென்று நிர்ணயிப்பதே அவர்கள் மேற்கொண்ட காரியம். அதற்கு வேண்டியவை இலையும் பூவும் காயும். மரத்தின் உயரத்தை அவர்கள் கண்மதிப்பாகவே அடி கணக்கில் குறித்தார்கள். உலர்தாவரத் தாளின் ஓரத்தில் ஒட்டிய சீட்டிலும் உயரம் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டு வந்தது. பிற்கால நூல்கள் முன்னோர் எழுதிய அடிகளை மீட்டராக மாற்றி எடுத்துக்கொண்டன. மதிப்பீடாகப் பிறந்த எண் ஒரு நூலிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயரும்போது, மதிப்பீடு என்ற அடையாளத்தை இழந்து அளவு என்ற தோற்றத்தைப் பெற்றுவிட்டது. ‘40 மீட்டர் வரை வளரும்’ என்று ஓர் இனத்தைப் பற்றிப் படிக்கும் நாம், எங்கே நின்ற எந்த மரம் 40 மீட்டர் வளர்ந்தது என்று கேட்டோமானால், பல இனங்கள் விஷயத்தில் விடை கிடைப்பதில்லை.

விலையுள்ள மரம் அளக்கப்பட்டது

இந்தப் பொதுவிதிக்கு ஒரு விலக்கு உண்டு, அது தேக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய்க் கப்பல் துறைக்காக ஆனைமலையின் தேக்கு மரங்கள் வெட்டப்பட்டன. மேலிருந்து கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்ஸ்லிப் என்று பெயர் பெற்றது. பின்னர் ரயில் பாதைகளுக்குக் கட்டைகள் போயின. கொச்சி அரசாங்கமோ பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு டிராம்வே அமைத்து, 1907 முதல் மரத்தை இறக்கிக்கொண்டிருந்தது. வெட்டியதைத் திரும்ப வளர்க்க வேண்டும் என்ற கவலையும் உடன் தோன்றியது. நிலம்பூரில் மலபார் கலெக்டர் கனோலியின் முயற்சியால், சாத்து மேனோன் முன்நின்று வளர்த்த 1840களின் தேக்குத் தோட்டம் உலகுக்கே முன்மாதிரியாயிற்று. டாப்ஸ்லிப்பில் ஹியூகோ உட் என்ற வன உத்தியோகஸ்தர் வெட்டிய அடிமரத்திலிருந்து மறுதளிர் வளர்க்கும் முறையைக் கையாண்டு காட்டை மீட்டார். 1933இல் காலமான அவருடைய கல்லறை அந்தத் தேக்குகளின் நடுவிலேயே இருக்கிறது.

தேக்குத் தோட்டத்தில் உயரத்தை அளப்பதற்கு ஒரு சாஸ்திரீயமான காரணம் இருந்தது. ஒரே வயதுள்ள தோட்டத்தில் மேலோங்கி நிற்கும் மரங்களின் உயரம், நெருக்கமாக நட்டார்களா விலக்கி நட்டார்களா என்பதைக் காட்டிலும் மண்ணின் வளத்தையே பெரிதும் பொறுத்தது. ஆதலால் உயரத்தைக் கொண்டு நிலத்தின் தரத்தை நிர்ணயித்து, இன்ன ஆண்டில் இவ்வளவு மரம் கிடைக்கும் என்று அட்டவணை போட முடிந்தது. தேக்கு அளக்கப்பட்டது, விலையில்லாத மரம் அளக்கப்படவில்லை. இன்று நம் ஏட்டில் காணும் வெற்றிடங்களின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அதில் பழைய சமஸ்தான எல்லைகளும் பழைய மர வியாபாரத்தின் தேவைகளும் அப்படியே பதிந்திருக்கக் காணலாம். காட்டின் இயல்பால் வந்த வெற்றிடங்கள் அல்ல அவை. நம் கவனம் சென்ற வழியால் வந்தவை.

வேறொரு விஷயத்தையும் நினைவில் வைக்க வேண்டும். நேரான, நெடிய, கோணலற்ற மரங்களையே கோடரி முதலில் தேடியது. இன்று நாம் அளக்கப்போகும் மிக உயர்ந்த மரம், ஒரு நூற்றாண்டு வெட்டுக்குப் பின் மிஞ்சியவற்றுள் உயர்ந்ததே ஆகும். அந்த இனம் அடையக்கூடிய எல்லையாக அதை எடுத்துக்கொள்ளலாகாது. எட்டாத சரிவுகளிலும், டிராம்வே நெருங்காத பள்ளத்தாக்குகளிலும் எஞ்சிய மரங்களைத் தேடிச் சென்று அளப்பது இதனால் மேலும் அவசியமாகிறது.

நிலமும் உயரமும்

ஆனைமலையின் சிறப்பு, சில மணி நேரப் பயணத்துக்குள் மரங்களின் உயரத்தை நிர்ணயிக்கும் காரணங்கள் அத்தனையும் மாறிவிடுவது. உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் நோக்கிச் செல்பவன் முதலில் சின்னாறு சரணாலயத்தைக் கடக்கிறான். 1984இல் அமைந்த, ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காடு மழைமறைவுப் பிரதேசம். முள்மரங்களும் குட்டையான இலையுதிர் மரங்களுமே அங்கே பெரும்பான்மை. ஆயினும் பாம்பாற்றின் கரையோரம் மட்டும் நீர்மருதும் மாவும் புங்கும் ஓங்கி வளர்ந்து, சாம்பல் நிற மலையணில் கிளைக்குக் கிளை தாவிச் செல்லும் பசும்பாதையாக நிற்கின்றன. சரிவில் நிற்கும் முள்மரத்துக்கும் கரையில் நிற்கும் மருதுக்கும் இடையே சில நூறு அடிதான் தூரம். உயரத்தில் உள்ள பேதத்துக்கு வேருக்கு எட்டும் நீரே காரணம்.

அங்கிருந்து மறையூரின் சந்தனக் காடுகளைத் தாண்டி மேலே ஏறினால் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைச் சூழ்ந்த எரவிகுளத்துப் புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் ஒடுங்கிக் கிடக்கும் சோலைகளும் வருகின்றன. காற்றின் வேகமும், மண்ணின் ஆழமின்மையும், குளிர்காலத்து உறைபனியும் சோலை மரங்களை நெட்டையாக வளர விடுவதில்லை. முறுக்கேறிய தண்டும் குடைபோல் சேர்ந்த உச்சியும் உடைய அம்மரங்களுள் பத்து மீட்டர் வளர்ந்ததே பெரிது என்னும்படியான இனங்கள் உண்டு. செந்நிறப் பூக்களைச் சுமக்கும் காட்டுப்பூவரசு அத்தகையது. உயரப் பதிவு என்றவுடன் அறுபது, எழுபது மீட்டர்களையே மனம் நாடுவது பிழையான பழக்கம். காட்டுப்பூவரசு ஒன்று தன் இனத்துக்குரிய உச்சத்தை எட்டியிருக்குமானால், அது இலவ மரத்தின் உச்சத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்த செய்தியாகாது.

பரம்பிக்குளத்திலோ நிலைமை வேறு. 2010இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டு 643 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள அப்பகுதியில் தேக்கு, கருமருது, வேங்கை, ஈட்டி, வெண்தேக்கு முதலிய இலையுதிர் மரங்களும், ஈரம் மிகுந்த பள்ளத்தாக்குகளில் பசுமை மாறாக் காடுகளும் அடுத்தடுத்து உள்ளன. கேரளத்துக்கு உரிய அக்காட்டுக்குச் செல்லும் சாலை இன்றும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்ளேதான் செல்கிறது. பசுமை மாறாக் காட்டின் மேல்விதானத்தில் வெடிப்பலாவும் பாலியும் நாங்கும் நெருங்கி நிற்க, அவற்றையும் கடந்து குங்கிலியமும் சீனி மரமும் தலைநீட்டுகின்றன. சீனி மரத்தின் அடியில் பலகைபோல் விரிந்த வேர்கள் ஆள் உயரத்துக்கும் மேலே செல்லும்; அதன் உயர்ந்த கிளைகளில் மலைத்தேனீக்கள் அடையடையாகத் தொங்கும். பெரிய இருவாச்சி கூடு வைப்பதற்கு இத்தகைய முதிர்ந்த மரங்களின் பொந்துகளையே நாடுகிறது.

ஆக, ஒரே இனம் நீரோரத்தில் ஓர் உயரமும் சரிவில் வேறோர் உயரமும் அடைகிறது. மழை மிகுந்த மேற்கில் ஒன்றும் மழை குறைந்த கிழக்கில் ஒன்றுமாக வளர்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொல்லும் நூல் இந்தப் பேதத்தைக் காட்டாது. பிரதேசந்தோறும் தனித்தனி ஏடு வேண்டுமென்பதற்கு இதைவிட வலிய காரணம் தேவையில்லை.

கண்ணும் கோணமும் நாடாவும்

இனி அளக்கும் முறைகளைப் பார்ப்போம். பிழைகளின் பிறப்பிடம் அங்கேதான் இருக்கிறது.

வன இலாகாக்களில் நெடுங்காலமாக வழங்கி வருவது டேன்ஜென்ட் முறை. மரத்திலிருந்து தெரிந்த ஒரு தூரத்தில் நின்று, கிளினோமீட்டர் என்னும் சாய்வுமானியால் உச்சிக்குச் செல்லும் கோணத்தையும் அடிக்குச் செல்லும் கோணத்தையும் பார்த்து, அவற்றின் டேன்ஜென்ட் அளவுகளைத் தூரத்தோடு பெருக்கிக் கூட்டினால் உயரம் கிடைத்துவிடும். சமதரையில், நேராக வளர்ந்த, கூம்பு வடிவான மரத்துக்கு இது போதும். ஆனால் மரத்தின் உச்சித்தளிர் அடிமரத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்ற ஓர் அநுமானம் இம்முறைக்குள் ஒளிந்திருக்கிறது. வெப்ப மண்டலத்து அகன்ற விதானமுள்ள மரங்களில் இந்த அநுமானம் அநேகமாகப் பொய்த்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். அடிமரத்திலிருந்து 40 மீட்டர் தூரத்தில் ஒருவன் நிற்கிறான். கண்மட்டத்துக்கு மேல் மரத்தின் உண்மையான உயரம் 35 மீட்டர். ஆனால் அந்த உச்சிக்கிளை அவனை நோக்கி 5 மீட்டர் சாய்ந்திருக்கிறது. அவனுக்கும் உச்சிக்குமுள்ள கிடைத்தூரம் 35 மீட்டர்தான் ஆதலால், கருவி 45 பாகைக் கோணத்தைக் காட்டும். அவனோ 40 மீட்டரைக் கொண்டு கணக்கிடுவான். விடையும் 40 மீட்டர் என்று வரும். கருவியில் குற்றமில்லை, கணக்கில் குற்றமில்லை. ஆயினும் ஐந்து மீட்டர் காற்றிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. உச்சி என்று அவன் கருதியது உண்மையில் பக்கவாட்டுக் கிளையொன்றின் நுனியாக இருந்துவிட்டால் பிழை இன்னும் பெருகும். காடு நெருக்கமாக இருப்பதால் தொலைவில் நின்று பார்க்க இடமில்லாமல், மரத்தின் காலடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்குச் சிறு கோணப் பிழையும் பெரிதாகும்: 30 மீட்டர் தூரத்தில் 45 பாகையில் ஒரு பாகை தவறினால் உயரத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் மாறும், அதே ஒரு பாகை 60 பாகைக் கோணத்தில் இரண்டு மீட்டரை மாற்றிவிடும். சரிவில் நாடாவைத் தரையோடு இழுத்து அளந்து, அதையே கிடைத்தூரமாகக் கொள்ளுவதும் மலைநாட்டில் அடிக்கடி நேரும் தவறு. 20 பாகைச் சரிவில் தரையோடு அளந்த 30 மீட்டர், கிடையாக 28 மீட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இக்குறையை நீக்க வந்தது சைன் முறை. லேசர் தூரமானியை உச்சித்தளிரை நோக்கிப் பிடித்தால் அது கண்ணிலிருந்து உச்சிக்குள்ள நேர்த்தூரத்தைச் சொல்லிவிடும். அதைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் செங்குத்து உயரம் வருகிறது. உச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. மேற்சொன்ன உதாரணத்தில் லேசர் ஏறத்தாழ 49.5 மீட்டர் என்று காட்டும். 45 பாகையின் சைனால் பெருக்கினால் சரியாக 35 கிடைக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பழைய பதிவுகளைச் சோதித்தவர்கள் இம்முறையை வற்புறுத்தி நிலைநாட்டினார்கள். இதில் மற்றொரு தர்மமும் உண்டு: கருவி சரியாக இருக்கும் வரையில் இம்முறை உண்மைக்கு மேல் சொல்லாது. அடர்ந்த இலைக்கூட்டத்தில் உண்மையான உச்சி கண்ணுக்குத் தப்பினால் விடை குறையுமே தவிரக் கூடாது. பல இடங்களிலிருந்து உச்சியைத் தேடி, கிடைத்தவற்றுள் மிகப் பெரியதை எடுத்துக்கொள்வது இதனால் நியாயமாகிறது. டேன்ஜென்ட் முறையில் அப்படிச் செய்தால் மிகப் பெரிய பிழையையே தேர்ந்தெடுத்ததாகும்.

எல்லாவற்றிலும் உறுதியானது ஏறி அளப்பதே. உலகிலேயே உயர்ந்ததென அறியப்படும் கலிபோர்னியாவின் ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரம் 2006இல் கண்டறியப்பட்டபோது, உச்சிக்கு ஏறி நாடாவைத் தொங்கவிட்டே 115 மீட்டருக்கு மேற்பட்ட அதன் உயரத்தை நிச்சயித்தார்கள். போர்னியோவின் சபா மாநிலத்தில் மெனாரா என்று பெயர் பெற்ற மஞ்சள் மெரந்தி மரத்தை, வானிலிருந்து லேசரால் கண்டுபிடித்த பிறகும், 2019இல் ஒருவர் ஏறி நாடாவால் அளந்தார், 100.8 மீட்டர் இருந்தது.

ஏறும் வித்தை ஆனைமலைக்குப் புதிதன்று. இம்மலையின் பழங்குடிகளான காடர்கள் தேன் எடுப்பதற்காக மாபெரும் மரங்களில் ஏறும் விதத்தை 1909இல் தர்ஸ்டன், தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தம் தொகுப்பில் விவரித்திருக்கிறார். கூர்மையாகச் சீவிய மூங்கில் ஆப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டில் அறைந்து, அவற்றையே படியாகக் கொண்டு, கிளையற்ற நெடுந்தண்டில் இரவிலே ஏறுவார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மரம் தலைநீட்டி நிற்கிறது, எது இவ்வாண்டு பூத்தது, எதில் இருவாச்சி அடைகிறது என்பன அவர்களுக்கும் மலசருக்கும் முதுவருக்கும் தலைமுறை அறிவு. ஆப்பு அறைவது மரத்துக்குக் காயம் என்பதால் இன்று கயிற்று முறையே தக்கது. ஆனால் மரத்தைத் தேடிக் காண்பதிலும், உச்சி இன்னதென்று பிரித்துச் சொல்வதிலும் அவர்களுக்கு நிகரான ஆசிரியர்கள் இல்லை. வழிகாட்டிகளாக மட்டும் அவர்களை அழைத்துச் சென்று, ஏட்டில் பெயரின்றி விட்டுவிடுவது அநீதி. அளப்பவர்களாகவே அவர்கள் பெயர் பதிய வேண்டும்.

வானிலிருந்து பார்த்தல்

விமானத்திலும் ஆளில்லா விமானத்திலும் பொருத்தும் லைடார் என்னும் லேசர் அளவி, ஒரு காட்டின் விதானத்தையும் தரையையும் ஒருங்கே வரைந்து தந்துவிடுகிறது. 2018 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஜெடி என்னும் லேசர் கருவி உலகக் காடுகளின் உயரத்தை மாதிரி எடுத்து அளந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் துணைக்கோள் ரேடார் அலைகளால் காடுகளின் திணிவை மதிப்பிட முற்பட்டுள்ளது. இவையெல்லாம் இருக்க, கையில் கருவியோடு மலையேறுவானேன் என்று கேட்கலாம்.

விடை எளிது. ஜெடியின் ஒவ்வொரு ஒளித்தடமும் தரையில் ஏறத்தாழ 25 மீட்டர் விட்டமுள்ளது. 30 பாகைச் சரிவில் அந்த வட்டத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் தரைமட்டத்திலேயே 14 மீட்டர் பேதம் உண்டு. அந்தச் சரிவு மரங்களின் உயரத்தோடு கலந்துவிடுகிறது. ஆனைமலையின் நல்ல காடுகளுள் பல இத்தகைய சரிவுகளில்தான் எஞ்சியிருக்கின்றன. அன்றியும், வானிலிருந்து தெரிவது உயரம் மட்டுமே. அந்த உச்சி வெடிப்பலாவினுடையதா பாலியினுடையதா என்று துணைக்கோள் சொல்லாது. இனந்தோறும் பதிவு வேண்டுமென்றால் கீழே நின்று இலையைப் பார்த்தவன் ஒருவன் வேண்டும். எங்கே தேட வேண்டும் என்பதை வானம் காட்டட்டும். என்ன என்பதையும் எவ்வளவு என்பதையும் தரையே சொல்ல வேண்டும். மெனாரா மரத்தின் வரலாறு இந்தக் கூட்டுமுயற்சிக்குத் தெளிவான சான்று.

உயரத்தால் ஆகும் பயன்

பெரிய மரம் எது என்ற ஆவலைத் தீர்ப்பது மட்டுமே இதன் பயனானால் இவ்வளவு வாதிட வேண்டியதில்லை. காட்டில் எவ்வளவு கரியம் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிடும் சூத்திரங்களில் தண்டின் விட்டம், மரத்தின் அடர்த்தி, உயரம் என்ற மூன்றும் சேர்கின்றன. மற்ற இரண்டும் மாறாதிருக்க, உயரத்தில் பத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால் கணக்கிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பிழை நேரும். உயரம் அளக்கப்படாத இடங்களில் வேறு கண்டங்களின் காடுகளிலிருந்து பெற்ற சராசரியையே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ஆனைமலையின் வரகளியாற்றில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் அமைத்த 30 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுக்களம் போன்றவை, குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் எண்ணி இனம் பிரித்த அரிய செல்வங்கள். சுற்றளவை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய களங்களுக்கு நம்பத்தக்க உயர அளவுகள் துணை சேருமானால் அவற்றின் மதிப்பு பன்மடங்காகும்.

காட்டை மீட்பவர்களுக்கும் இது தேவை. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே துண்டுபட்டுக் கிடக்கும் மழைக்காடுகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்காக நாட்டு மரங்களை நட்டு வருகின்றனர். நட்ட மரம் முதிர்ந்தால் இவ்விடத்தில் என்ன உயரம் எய்தும் என்பதற்குப் பக்கத்துக் காட்டின் அளவே பிரமாணம். மாறும் மழையையும் அடிக்கும் புயலையும் முதலில் உணர்வன விதானத்துக்கு மேல் தலைநீட்டும் மரங்களே. உச்சி காய்ந்து உயரம் குறைந்தது என்று சொல்ல, முன்பு இருந்த உயரம் ஏட்டில் இருந்தாக வேண்டும். உத்தராகண்டத்துத் தோன்ஸ் வனக்கோட்டத்தில் 60 மீட்டருக்கு மேல் வளர்ந்து மகாவிருட்சம் எனப் புகழ்பெற்ற பைன் மரம் 2007இல் புயலில் வீழ்ந்தது. வீழ்வதற்கு முன் அளந்து வைத்திருந்ததால் அதைப் பற்றிய அறிவு வீழவில்லை. அளக்கப்படாமல் வீழும் மரங்களுக்கு அந்தப் பேறும் இல்லை.

ஆட்சேபங்களும் சமாதானமும்

பெருமரம் இருக்குமிடத்தை வெளியிட்டால் கூட்டம் கூடி வேரடியை மிதித்துக் கெடுத்துவிடும் என்பது முதல் ஆட்சேபம். இது முற்றிலும் உண்மை. ஹைபீரியன் விஷயத்தில் அமெரிக்க அதிகாரிகள் அவ்விடத்துக்குச் செல்வதையே தடை செய்ய நேர்ந்தது. ஆதலின் ஏட்டில் வனக்கோட்டமும் கடல்மட்ட உயரமும் வெளிப்படையாக இருக்கலாம். மரத்தின் துல்லியமான இருப்பிடம் இலாகாவின் காப்பில் இருப்பதே முறை. புலிகள் காப்பகங்களுக்குள் அனுமதியின்றி ஒருவரும் செல்லலாகாது என்பதும், பழங்குடி ஊர்களில் ஊர்க்கூட்டத்தின் சம்மதத்தோடே காரியம் நடக்க வேண்டும் என்பதும் தனியே சொல்ல வேண்டாதவை.

இனங்களே அழிந்துகொண்டிருக்க மீட்டர் கணக்கு எதற்கு என்பது இரண்டாவது ஆட்சேபம். அளப்பதும் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரு மரத்தை அளக்கச் செல்பவன் அதன் இனத்தை நிர்ணயிக்கிறான், கன்றுகள் முளைத்திருக்கின்றனவா என்று பார்க்கிறான், உச்சியின் நலத்தைக் குறிக்கிறான். காடு கவனிக்கப்படுகிறது என்ற செய்தியே ஒரு காவல். வெளிநாட்டு அநுபவமும் இதற்குச் சாட்சி. அமெரிக்காவில் 1940 முதல் நடந்து வரும் பெருமரப் பதிவேடு, சுற்றளவு, உயரம், விதானத்தின் அகலம் மூன்றையும் கூட்டி மதிப்பிட்டு, பாமர மக்களையும் தங்கள் ஊர் மரங்களைத் தேடச் செய்தது. பிரிட்டனின் மரப் பதிவேடும் தன்னார்வலர்களின் உழைப்பாலே வளர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டமும் ஸ்தாபனங்களும் முன்பே இருக்கின்றன. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதில் பெருமரங்களுக்கு ஒரு பகுதி சேர்ப்பது கடினமன்று. பீச்சியில் 1975 முதல் இயங்கும் கேரள வன ஆராய்ச்சி நிலையமும், கோயம்புத்தூரில் வன மரபியல் நிலையமும் இந்தியத் தாவர மதிப்பாய்வின் தென்மண்டல நிலையமும் உள்ளன. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இருக்கும் இந்த ஸ்தாபனங்கள் ஒரே படிவத்தில் ஒரே ஏட்டை எழுத இசைந்தால், மூன்று அரசாங்கங்கள் பிரித்து வைத்த மலை முதன்முறையாகத் தாளிலாவது ஒன்றாகும்.

அந்தப் படிவத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. இனத்தின் பெயரும் அதற்கு ஆதாரமான இலை அல்லது புகைப்படமும், வனக்கோட்டம், கடல்மட்ட உயரம், சரிவு, அளந்த தேதி, 1.37 மீட்டர் உயரத்தில் எடுத்த சுற்றளவு, பலகை வேருள்ள மரமானால் எவ்வளவு உயரத்தில் எடுத்தது என்ற குறிப்பு, அளந்த முறை, கருவி, நின்ற இடங்கள், விடையோடு நில்லாமல், வாசித்த தூரங்களும் கோணங்களும், உச்சி தெளிவாகத் தெரிந்ததா என்ற உண்மை, அளந்தவர்களின் பெயர்கள். வாசித்த எண்களையே எழுதி வைத்தால் பின்வருபவன் கணக்கைச் சரிபார்க்க முடியும். இரண்டு விடைகள் முரண்படும்போது எது ஏற்கத்தக்கது என்று தீர்ப்புச் சொல்லவும் முடியும். மூணாற்றின் யூகலிப்டஸும் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்கும் வந்தேறி மரங்களாகையால் அவற்றுக்குத் தனிப் பகுதி வேண்டும். வேகமாக நெடிதுயரும் அம்மரங்களைச் சுதேச இனங்களோடு ஒரே வரிசையில் நிறுத்தினால், பிரதேசத்தின் உயர்ந்த மரம் என்ற பெயர் காட்டுக்கு உரியதாகாமல் போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கும் மேற்சொன்ன ஆராய்ச்சியே விடை தருகிறது. புகழ்பெற்ற தேக்குகளை மறுபடி அளப்பது எளிது, பாராட்டும் கிடைக்கும். ஆனால் ஏட்டின் முதற்பக்கங்கள் சந்தையில் விலை பெறாத இனங்களுக்கும், பழைய எல்லைக்கோடுகள் கிழித்துப் போட்ட பள்ளத்தாக்குகளுக்கும் உரியவையாக இருக்க வேண்டும். வெடிப்பலாவும் பாலியும் நாங்கும் முதலில். பிறகு சோலைகளின் குட்டை மரங்கள். அதன்பின் பாம்பாற்றங்கரையின் மருதுகள். ஓர் இனத்துக்கு நம்பத்தக்க பத்து அளவுகள் கிடைத்தால், நூறு ஆண்டுகளாக நூலுக்கு நூல் நகலெடுக்கப்பட்டு வந்த மதிப்பீட்டுக்குப் பதிலாக ஒரு பிரமாணம் பிறக்கும். கருவியோ விலை குறைந்தது, முறையோ பள்ளிக்கூடத்துக் கணிதம். வேண்டியது பொறுமையும் நேர்மையும் மட்டுமே. இவ்விரண்டும் உடைய இளைஞர்கள் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுமதியும் பயிற்சியும் ஒரு பொது ஏடும் அளிப்பது இரு மாநில வன இலாகாக்களின் கடமை.